உடல முளைய உருவாக்கம்

உடல முளைய உருவாக்கம் என்பது, இனப்பெருக்கத்தில் பங்கு கொள்ளாத தாவர உயிரணு ஒன்றிலிருந்தோ, அத்தகைய உயிரணுக்களின் சிறு தொகுதி ஒன்றிலிருந்தோ, கருக்கட்டல் நிகழாமலேயே முளையம் தோன்றும் செயல்முறை ஆகும். வேர், தண்டு, இலை, வித்திலை போன்ற உறுப்புகளின் உயிரணுக்கள் இயல்பாகத் தத்தம் பணிகளை மட்டுமே செய்கின்றன. தகுந்த ஊட்டமும் வளர்ச்சி ஒழுங்குபடுத்திகளும் அளித்து நுண்ணுயிரற்ற சூழலில் வளர்க்கும்போது, இவற்றுள் சில தமது பழைய பணியைக் கைவிட்டு, கருவணு செல்லும் பாதையிலேயே வளர்ந்து முழுத் தாவரமாகின்றன. இவ்வாறு தோன்றும் முளையம் உடல முளையம் எனப்படும்.

ஒரே தாய்த் தாவரத்திலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பெறவும், மரபணு மாற்றப்பட்ட உயிரணுவை முழுத் தாவரமாக வளர்த்தெடுக்கவும், அரிய தாவரங்களை நீண்டகாலம் உறைநிலையில் காக்கவும் இம்முறை பயன்படுகின்றது. ஆயினும், உடல உயிரணுவிலிருந்து வந்த கன்று எல்லா வகையிலும் தாயை ஒத்தே இருக்கும் என்ற எதிர்பார்ப்பு எப்போதும் நிறைவேறுவதில்லை. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் ஏற்பட்ட இழப்புகள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

சொல் விளக்கம்

உடலம் என்பது இங்கு, பாலணுக்களையும் அவற்றை உருவாக்கும் உயிரணுக்களையும் தவிர்த்த ஏனைய உடற்பகுதிகளைக் குறிக்கும். முளையம் என்பது விதைக்குள் இருக்கும் இளந்தாவரம் ஆகும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முளையம் என்பது கரு என்றும், உயிரணு என்பது செல் என்றும், இழைய வளர்ப்பு என்பது திசு வளர்ப்பு என்றும் வழங்குவதால், இச்செயல்முறை உடல் கருவுருவாக்கம் என்றும் குறிப்பிடப்படுகின்றது. வளர்ப்பதற்காகத் தாவரத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் துண்டு பிரிகூறு எனப்படும். பிரிகூற்றிலிருந்து பெருகும் வடிவமற்ற, வகைபிரியாத உயிரணுத் திரள் காலஸ் எனப்படும்.

மகரந்த உயிரணுவிலிருந்து முளையம் பெறும் முறை இதனை ஒத்ததாயினும் வேறானது. 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகா, எஸ். சி. மகேசுவரி ஆகியோர் ஊமத்தையின் மகரந்தப் பையை வளர்த்து இவ்வகை முளையங்களைப் பெற்றனர். மகரந்தம் இனப்பெருக்க உயிரணு என்பதால், அதில் நிறப்புரித் தொகுதி ஒன்றே இருக்கும். அதிலிருந்து வரும் தாவரமும் ஒருமடியத் தாவரமாகும். உடல முளையமோ தாய்த் தாவரத்தின் முழு நிறப்புரித் தொகையையும் கொண்டிருக்கும்.

விதை முளையத்துடன் ஒப்பீடு

பூக்கும் தாவரங்களில் ஆண் பாலணு முட்டை உயிரணுவுடன் இணைவதால் கருவணு உருவாகின்றது. கருவணு சமமற்ற இரு பகுதிகளாகப் பிரிகின்றது. சிறிய மேற்பகுதி முளையத்தின் பெரும்பகுதியைத் தருகின்றது. பெரிய கீழ்ப்பகுதி, முளையத்தைத் தாய் இழையத்துடன் பிணைக்கும் தாங்கியாக வளர்கின்றது. முளைசூழ்தசை உணவளிக்க, விதையுறை காக்க, முளையம் முதிர்ந்து நீரிழந்து உறங்குநிலையை அடைகின்றது.

உடல முளையம் இந்த வடிவ மாற்றங்கள் பெரும்பாலானவற்றைக் கடந்து வருகின்றது. ஆனால் அதற்கு முளைசூழ்தசையும் விதையுறையும் இல்லை. தாங்கி பல இனங்களில் முழுமையாக வளர்வதில்லை. உணவு முழுவதும் வளர்ப்பு ஊடகத்திலிருந்தே கிடைக்க வேண்டும். உறங்குநிலையை அடையாமலே முளைத்துவிடுவதும் உண்டு. இவற்றைவிட முதன்மையான வேறுபாடு மரபியல் சார்ந்தது. விதை முளையம் இரு பெற்றோரின் மரபுப் பண்புகளின் புதிய கலவை. உடல முளையமோ பிரிகூறு எடுக்கப்பட்ட ஒரே தாவரத்தின் படியாகும்.

உறுப்பு உருவாக்கத்துடன் வேறுபாடு

இழைய வளர்ப்பில் தாவரத்தை மீட்டெடுக்க மற்றொரு வழியும் உண்டு. காலஸிலிருந்தோ பிரிகூற்றிலிருந்தோ முதலில் தண்டையும், பின்னர் அதில் வேரையும் தோற்றுவிக்கும் இம்முறை உறுப்பு உருவாக்கம் எனப்படும். இரண்டையும் பின்வருமாறு வேறுபடுத்தலாம்.

- உறுப்பு உருவாக்கத்தில் தோன்றும் மொட்டு ஒருமுனை கொண்டது. தண்டு அல்லது வேர் மட்டுமே முதலில் உருவாகும். உடல முளையம் தொடக்கத்திலிருந்தே தண்டுமுனை, வேர்முனை என இருமுனை கொண்டது.
- மொட்டின் கடத்திழையம் அதன் தாய் இழையத்துடன் தொடர்ந்திருக்கும். உடல முளையத்துக்குத் தாய் இழையத்துடன் கடத்திழையத் தொடர்பு இல்லை. எனவே அது எளிதில் தனியே பிரிந்து வரும்.
- உறுப்பு உருவாக்கத்தில் தண்டுக்கும் வேருக்கும் பெரும்பாலும் வெவ்வேறு ஊடகங்கள் தேவை. முதிர்ந்த உடல முளையம் விதையைப் போல ஒரே வேளையில் வேரும் தளிரும் விட்டு முளைக்கின்றது.

ஒரு வளர்ப்பில் காணப்படும் பசுமையான மேடு மொட்டா, முளையமா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. மெல்லிய வெட்டுத்துண்டுகளை நுண்நோக்கியில் கண்டு, இருமுனைத் தன்மையையும் கடத்திழையத் தொடர்பின்மையையும் உறுதி செய்த பின்னரே அதனை உடல முளையம் என்பர்.

இயற்கையில் காணப்படும் ஒத்த நிகழ்வுகள்

கருக்கட்டல் இன்றி முளையம் தோன்றுவது ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. எலுமிச்சை, ஆரஞ்சு இனங்கள் பலவற்றிலும் மாமரத்தின் சில வகைகளிலும், ஒரு விதையிலிருந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாற்றுகள் முளைப்பதைக் காணலாம். இவற்றுள் பல, சூல்வித்தின் உள்ளே முளையப்பையைச் சூழ்ந்துள்ள தாயின் உடல இழையத்திலிருந்து தோன்றியவை. எனவே அவை தாயையே ஒத்திருக்கும்.

தமிழ்நாட்டில் ரணகள்ளி என்றும், 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றும் அழைக்கப்படும் செடியின் இலை விளிம்பில் சிறு கன்றுகள் தோன்றுவது பலரும் அறிந்ததே. அதே பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு செடியில் மேற்கொள்ளப்பட்டு 2007இல் வெளிவந்த ஆய்வு, இலைக்கன்றுகள் உருவாவதில் மொட்டு உருவாக்கத்துக்கான மரபணுக்களுடன் முளைய உருவாக்கத்துக்கான மரபணுக்களும் பங்கு கொள்வதைக் காட்டியது.

வரலாறு

ஆசுத்திரியத் தாவரவியலாளர் காட்லீப் ஹேபர்லாண்ட் 1902இல், தனியே பிரிக்கப்பட்ட இலை உயிரணுக்களை ஊட்டக் கரைசலில் வளர்க்க முயன்றார். அவை சில வாரங்கள் உயிருடன் இருந்தன, அளவில் பெருத்தன, ஆனால் பிரியவில்லை. எனினும், உடல உயிரணுக்களிலிருந்து செயற்கை முளையங்களை வளர்ப்பது ஒருநாள் இயலும் என்று அவர் அக்கட்டுரையில் எழுதினார். ஒவ்வோர் உயிரணுவிலும் முழுத் தாவரத்தையும் உருவாக்கும் ஆற்றல் உள்ளது என்ற கருத்து பின்னர் முழுஆக்குத்திறன் எனப்பட்டது. அக்கருத்தை மெய்ப்பிக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

1941இல் வான் ஓவர்பீக்கும் உடன் ஆய்வாளர்களும், ஊமத்தையின் மிக இளம் விதை முளையங்களை வெளியே எடுத்து வளர்ப்பதற்குத் தேங்காய் நீர் உதவுவதைக் கண்டனர். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் இது தேங்காய்ப் பால் என்ற பொருளுடைய சொல்லால் குறிக்கப்பட்டாலும், அது துருவலைப் பிழிந்து எடுக்கும் பால் அன்று. தேங்காயின் உள்ளே இருக்கும் நீரே ஆகும். அந்நீர் தென்னையின் முளைசூழ்தசையின் திரவ வடிவம். அதாவது, முளையத்தை ஊட்டி வளர்ப்பதற்கென்றே இயற்கையில் உருவானது. அதில் சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், இனோசிட்டால் ஆகியவற்றுடன் உயிரணுப் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின்களும் உள்ளன.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எஃப். சி. ஸ்டூவர்டும் அவருடன் பணியாற்றியவர்களும், காரட் வேரின் உரிய இழையத் துண்டுகளைத் தேங்காய் நீர் சேர்த்த திரவ ஊடகத்தில் சுழலும் குடுவைகளில் வளர்த்தனர். துண்டுகளிலிருந்து உதிர்ந்த உயிரணுக்களும் சிறு திரள்களும் பெருகி, முளையம் போன்ற அமைப்புகளாகவும் பின்னர் செடிகளாகவும் வளர்ந்தன. இது 1958இல் வெளியிடப்பட்டது. அதே காலத்தில், 1958 – 1959 ஆண்டுகளில், செருமனியில் ஜே. ரைனர்ட் காரட் காலஸிலிருந்து முளையங்கள் பெற்றதைத் தனியே அறிவித்தார். பின்லாந்தைச் சேர்ந்த ஹாரி வாரிஸ் ஒரு நீர்த்தாவரத்தில் இதனை ஒத்த அமைப்புகளை 1957இலேயே விவரித்திருந்தார். அவற்றுக்கு அவர் வேறு பெயர் இட்டதாலும் அக்கட்டுரை பரவலாகப் படிக்கப்படாததாலும், அவரது பங்கு பின்னாளிலேயே உணரப்பட்டது.

1965இல் கோனார், நடராஜா ஆகியோர் தில்லிப் பல்கலைக்கழகத்தில், ரனன்குலசு என்னும் பேரினச் செடியில் முளையங்கள் தண்டின் புறத்தோல் உயிரணுக்களிலிருந்து நேரடியாகத் தோன்றுவதைக் காட்டினர். முளையம் உண்மையில் ஒரே ஓர் உயிரணுவிலிருந்துதான் வந்ததா என்ற ஐயம் நீண்டகாலம் நிலவியது. 1970இல் பாக்ஸ்-ஹியூஸ்மான், ரைனர்ட் ஆகியோர் தனித்த காரட் உயிரணு ஒன்று படிப்படியாக முளையமாவதைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்து, அந்த ஐயத்துக்கு விடை அளித்தனர்.

வகைகள்

நேரடி முறை: பிரிகூற்றின் உயிரணுக்கள் காலஸாக மாறாமல் முளையங்களைத் தருகின்றன. இளம் விதை முளையம், வித்திலை, சூல்வித்தின் உள்ளிழையம் போன்ற, முளைய நிலைக்கு அண்மையில் உள்ள இழையங்களில் இது எளிதில் நிகழும்.

மறைமுக முறை: பிரிகூறு முதலில் காலஸாகப் பெருகுகின்றது. அக்காலஸின் ஒரு பகுதி முளையமாகும் தகுதியைப் பெற்று, பின்னர் முளையங்களைத் தருகின்றது. காரட், காப்பி, எண்ணெய்ப்பனை, பருத்தி, வாழை முதலியவற்றில் இம்முறையே பெரிதும் கையாளப்படுகின்றது.

இவற்றைத் தவிர, ஏற்கெனவே தோன்றிய உடல முளையத்தின் மேற்பரப்பிலிருந்து மீண்டும் முளையங்கள் தோன்றுவதும் உண்டு. இது இரண்டாம் நிலை முளைய உருவாக்கம் எனப்படும். இச்சுழற்சியைப் பல ஆண்டுகள் தொடரச் செய்ய இயலும் என்பதால், எண்ணிக்கையைப் பெருக்க இது உதவுகின்றது.

செய்முறை

காரட் இன்றும் இச்செயல்முறைக்கான முன்மாதிரித் தாவரமாக விளங்குகின்றது. பொதுவான படிகள் வருமாறு.

1. தூய்மையாக்கல்: காரட் வேரைக் கழுவி, சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலில் அமிழ்த்தி, கிருமியற்ற நீரில் பலமுறை அலசுவர். பின்னர் கேம்பிய வளையத்தை உள்ளடக்கிய சிறு துண்டுகள் வெட்டப்படும். ஒரு பூஞ்சை வித்து புகுந்தாலும் சர்க்கரை நிறைந்த ஊடகம் முழுவதும் கெட்டுவிடும் என்பதால், அனைத்தும் வடிகட்டிய காற்று வீசும் பெட்டிக்குள் செய்யப்படும்.

2. ஊடகம்: 1962இல் முராசிகே, ஸ்கூக் ஆகியோர் வகுத்த ஊடகம் மிகப் பரவலாகப் பயன்படுகின்றது. கனிம உப்புகள், உயிர்ச்சத்துகள், 3 விழுக்காடு அளவிலான கரும்புச் சர்க்கரை ஆகியவற்றைக் கொண்ட இதன் பி.எச் மதிப்பு 5.7 அல்லது 5.8 என அமைக்கப்படும். திண்ம ஊடகத்துக்கு அகார் சேர்க்கப்படும். அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியசில் 15 முதல் 20 நிமிடங்கள் வைத்துக் கிருமி நீக்குவர். நைதரசன் அமோனியமாகவோ வேறு ஒடுக்கப்பட்ட வடிவிலோ ஓரளவு கிடைப்பது முளைய உருவாக்கத்துக்குத் தேவை என்பது 1960களிலேயே காரட்டில் அறியப்பட்டது.

3. தூண்டல்: ஊடகத்தில் ஆக்சின் வகையைச் சேர்ந்த 2,4-டி, லீட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் சேர்க்கப்படும். மிகுந்த அளவில் களைக்கொல்லியாகப் பயன்படும் இதே பொருள், இச்சிறு அளவில் உயிரணுக்களைப் பிரியத் தூண்டுகின்றது. சில வாரங்களில் காலஸ் உருவாகும்.

4. பெருக்கல்: காலஸைத் திரவ ஊடகத்தில் இட்டு, குலுக்கியில் சுழலவிட்டால் தனி உயிரணுக்களும் சிறு திரள்களும் கொண்ட மிதவை வளர்ப்பு கிடைக்கும். இதில் இருவகை உயிரணுக்களைக் காணலாம். நீண்டு பெருத்து, பெரிய நுண்குமிழி கொண்டவை பொதுவாக முளையமாவதில்லை. சிறியனவாக, அடர்ந்த குழியவுருவும் மாப்பொருள் மணிகளும் கொண்டு நெருங்கித் திரண்டவையே முளையமாகும் தகுதி உடையவை.

5. வெளிப்படுத்தல்: திரள்களைச் சல்லடையால் பிரித்து, கழுவி, 2,4-டி இல்லாத ஊடகத்துக்கு மாற்றுவர். முளையங்கள் உருப்பெறுவது இப்போதுதான். ஆக்சின் இருக்கும்வரை உயிரணுக்கள் பெருகுகின்றன. நீக்கிய பின்னரே முளைய வடிவம் பெறுகின்றன. தகுதியைத் தரும் பொருளே வடிவத்தைத் தடுக்கவும் செய்கின்றது என்பது இம்முறையின் அடிப்படை.

6. முதிர்வித்தல்: அப்சிசிக் அமிலம் சேர்ப்பதும், சர்க்கரை அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் மூலம் நீர் உள்ளெடுப்பைக் குறைப்பதும், முளையம் அவசரப்பட்டு முளைப்பதைத் தடுத்துச் சேமிப்புப் புரதங்களைச் சேர்க்க உதவுகின்றன. ஊசியிலை மரங்களில் இப்படி இன்றியமையாதது.

7. முளைத்தலும் பழக்குதலும்: முதிர்ந்த முளையங்கள் வளரூக்கி அற்ற ஊடகத்தில் முளைக்கும். குடுவைக்குள் ஈரம் நிறைந்த காற்றில் வளர்ந்த கன்றின் இலையில் மெழுகுப்படலம் மெலிந்தும், இலைத்துளைகள் சரிவர மூடாமலும் இருக்கும். எனவே, ஈரப்பதத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெளிச்சூழலுக்குப் பழக்கிய பின்னரே மண்ணில் நடுவர்.

வளர்ச்சிப் படிநிலைகள்

இருவித்திலைத் தாவரங்களில் உடல முளையம் நான்கு நிலைகளைக் கடக்கின்றது.

- உருண்டை நிலை: உயிரணுக்கள் பந்து வடிவில் திரள்கின்றன. புறத்தோலின் முன்னோடிப் படை இந்நிலையிலேயே பிரிந்து தெரியும்.
- இதய நிலை: இருபுறமும் வித்திலை மேடுகள் எழுகின்றன. இருபக்கச் சமச்சீர் தோன்றுகின்றது.
- நீள்குண்டு நிலை: முளையம் அச்சுவாக்கில் நீள்கின்றது. கடத்திழையத்தின் முன்னோடி தெளிவாகின்றது.
- வித்திலை நிலை: வித்திலைகள் விரிந்து, தண்டுமுனையும் வேர்முனையும் செயற்படத் தயாராகின்றன.

உருண்டை நிலையிலிருந்து இதய நிலைக்கு மாறுவதற்கு, முளையத்துக்குள் ஆக்சின் குறித்த திசையில் கடத்தப்பட வேண்டும். அக்கடத்தலைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் முளையம் உருண்டையாகவே நின்றுவிடும், அல்லது வித்திலைகள் ஒன்றாக இணைந்து வளரும். ஒருவித்திலைத் தாவரங்களிலும் ஊசியிலை மரங்களிலும் படிநிலைகளின் வடிவமும் பெயர்களும் வேறுபடும்.

உயிரணுவுக்குள் நிகழ்வது

ஓர் இலை உயிரணுவிலும் முளையத்துக்குத் தேவையான மரபணுக்கள் அனைத்தும் உள்ளன. ஆனால் விதை முளைத்த பின்னர் அவை மூடி வைக்கப்படுகின்றன. மரபணுவைச் சுற்றியுள்ள இசுட்டோன் புரதங்களில் இடப்படும் வேதிக்குறிகளும், டி.என்.ஏ மீது இடப்படும் மெத்தில் குறிகளும் இம்மூடலைப் பேணுகின்றன. உடல முளைய உருவாக்கம் என்பது, இக்குறிகள் தளர்ந்து முளைய மரபணுக்கள் மீண்டும் செயற்படுவதாகும்.

இதில் பங்கு கொள்ளும் சில மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. முளையமாகும் தகுதி பெற்ற காரட் உயிரணுக்களை இனங்காட்டும் செர்க் என்னும் மரபணு 1997இல் விவரிக்கப்பட்டது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிசு செடியில் 'லீஃபி காட்டிலிடன் 1' மரபணுவை மிகையாகச் செயற்படுத்தினால் இலைகளின் மேல் முளையம் போன்ற அமைப்புகள் தோன்றுவது 1998இலும், 'லீஃபி காட்டிலிடன் 2' மரபணு அவ்வாறே செயற்படுவது 2001இலும் கண்டறியப்பட்டன. 2002இல் 'பேபி பூம்', 'வூஷெல்' ஆகிய மரபணுக்களும் வெளியிலிருந்து வளரூக்கி சேர்க்காமலே முளையங்களைத் தூண்ட வல்லவை எனக் காட்டப்பட்டது.

ஆக்சின் மட்டுமே தூண்டுகோல் அன்று. மிகை உப்பு, நீர்ப்பற்றாக்குறை, காயம், உலோக அயனிகள் போன்ற நெருக்கடிகளும் சில வளர்ப்புகளில் முளைய உருவாக்கத்தைத் தொடக்கி வைக்கின்றன.

'தனி உடல உயிரணு ஒன்று எவ்வாறு முழுத் தாவரமாகின்றது' என்பதை, 2005இல் 'சயன்சு' ஆய்விதழ் தன் 125ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட முதன்மையான அறிவியல் வினாக்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2025இல் சீனாவின் சாண்டோங் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பகுதி விடையை அளித்தனர். அராபிடாப்சிசு இலையில், இலைத்துளையின் காவற்கலங்களாக மாற வேண்டிய முன்னோடி உயிரணு ஒன்று, 'லீஃபி காட்டிலிடன் 2' மரபணுவும் இலைத்துளை உருவாக்கத்துக்கான மரபணு ஒன்றும் சேர்ந்து செயற்படும்போது, தனக்குள்ளேயே ஆக்சினைத் தயாரித்துக் குவித்து, முளையப் பாதைக்குத் திரும்புவதை அவர்கள் காட்டினர்.

பயன்கள்

- படிப்பெருக்கம்: கிளைத்துண்டு வழியாகப் பெருக்க இயலாத அல்லது மிக மெதுவாகப் பெருகும் பயிர்களுக்கு இம்முறை ஏற்றது. காப்பியில் 1970இல் முதன்முதலாக உடல முளையம் பெறப்பட்டது. இன்று நடு அமெரிக்க நாடுகளில், விதை மூலம் பெருக்கினால் பண்பு சிதறிவிடும் கலப்பினக் காப்பி வகைகள் இவ்வாறு பெருக்கப்பட்டு நடப்படுகின்றன. சந்தனமரத்தில் தண்டுக் காலஸிலிருந்து முளையங்கள் பெறப்பட்டதை பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1979இல் அறிவித்தனர்.

- காடு வளர்ப்பு: 1985இல் நார்வே இசுப்புரூசு மரத்தில் இம்முறை வெற்றி பெற்றது. மரம் நல்லதா என்று அறியப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் வளர்ப்பு மூப்படைந்து திறன் இழந்துவிடும். எனவே ஒவ்வொரு வழியின் ஒரு பகுதியைத் திரவ நைதரசனில் -196 பாகை செல்சியசில் உறைய வைத்துவிட்டு, மற்றொரு பகுதியைக் கன்றுகளாக்கிக் காட்டில் நட்டுச் சோதிப்பர். சிறந்தவை தெரிந்த பின்னர் அவற்றின் உறைந்த பகுதியை மீட்டெடுத்துப் பெருக்குவர்.

- மரபணு மாற்றம்: மரபணு புகுத்தப்பட்ட உயிரணுவை முழுத் தாவரமாக்காவிட்டால் அதனால் பயனில்லை. பருத்தியில் அமெரிக்காவின் 'காக்கர் 312' போன்ற சில வகைகளே எளிதில் உடல முளையம் தந்தன. ஆகவே புழுவை எதிர்க்கும் பிடி பருத்தியின் மரபணு முதலில் அவ்வகையில் புகுத்தப்பட்டு, பின்னர் வழக்கமான கலப்பு முறையால் பிற வகைகளுக்கு மாற்றப்பட்டது. இந்தியாவில் 2002இல் பயிரிட அனுமதிக்கப்பட்ட பிடி பருத்தியும் இவ்வழியில் வந்ததே. 2016இல், 'பேபி பூம்', 'வூஷெல்' மரபணுக்களைத் தற்காலிகமாகச் செயற்படுத்தி, அதுவரை இணங்காத மக்காச்சோள வகைகளிலும் தாவரங்களை மீட்டெடுக்கும் முறை வெளியிடப்பட்டது.

- செயற்கை விதை: உடல முளையத்தைச் சோடியம் ஆல்சினேட்டுக் கரைசலில் கலந்து, கல்சியம் குளோரைட்டில் துளித்துளியாக விட்டால், கூழ்ம உறை கொண்ட மணிகள் கிடைக்கும். இக்கருத்தை 1977இல் முராசிகே முன்வைத்தார். 1980களில் குதிரைமசால் முதலியவற்றில் செய்து பார்க்கப்பட்டது. உலர்நிலையில் நெடுநாள் இருக்க இயலாமையும் செலவும் இது பரவலாவதைத் தடுத்துள்ளன.

எண்ணெய்ப்பனையும் உருமாறிய கனிகளும்

எண்ணெய்ப்பனைக்கு ஒரே தண்டு, ஒரே வளர்முனை. கிளை இல்லாததால் ஒட்டுக்கட்டவோ பதியம் போடவோ இயலாது. விதையால் பெருக்கினால் மரத்துக்கு மரம் விளைச்சல் மாறும். மிகுந்த எண்ணெய் தரும் மரங்களைத் தேர்ந்து அவற்றின் இழையத்திலிருந்து உடல முளையங்கள் வழியாகக் கன்றுகள் பெறும் முறை 1970களில் உருவாக்கப்பட்டபோது, தோட்டங்கள் முழுவதும் ஒரே சீரான விளைச்சலைப் பெறலாம் என்று எதிர்பார்க்கப்பட்டது.

கன்றுகள் இலையிலும் தண்டிலும் குறையின்றி வளர்ந்தன. நட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின் பூத்தபோதுதான் சில மரங்களின் வேறுபாடு தெரிந்தது. அவற்றின் பூக்களில் மகரந்தத்தாள்கள் இருக்க வேண்டிய இடத்தில் சூலகத்தை ஒத்த சதைப்பற்றுள்ள அமைப்புகள் வளர்ந்து, கனியைப் போர்வைபோல் சூழ்ந்தன. கடுமையாகத் தாக்குண்ட மரங்களில் கனிகள் முதிராமல் உதிர்ந்தன, எண்ணெய் கிடைக்கவில்லை. 1980களில் இக்குறைபாடு ஆய்விதழ்களில் விவரிக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் பலன் தர வேண்டிய மரம் மலடாயிருப்பதை மூன்று ஆண்டுகள் பராமரித்த பின்னரே அறிய முடிந்ததால், பல நிறுவனங்கள் படிக்கன்றுகளைப் பெருமளவில் நடுவதை நிறுத்தி வைத்தன அல்லது குறைத்துக் கொண்டன.

இம்மரங்களின் டி.என்.ஏ வரிசையில் மாற்றம் ஏதும் தென்படவில்லை. சில மரங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல இயல்பு நிலைக்குத் திரும்பியதும் வியப்பளித்தது. 2015இல் மலேசியப் பாம் எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்து பணியாற்றியவர்களும் இதன் காரணத்தை 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டனர். பூவின் உறுப்புகளைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றின் உள்ளே, 'கர்மா' எனப் பெயரிடப்பட்ட இடம்மாறும் மரபுக்கூறு ஒன்று உறங்கிக் கிடக்கின்றது. இயல்பான மரத்தில் அதன்மீது மெத்தில் குறிகள் அடர்ந்துள்ளன. இழைய வளர்ப்பின்போது சில உயிரணுக்களில் இக்குறிகள் அழிந்துவிடுகின்றன. அதனால் அம்மரபணுவின் செய்தி தவறாக வெட்டி ஒட்டப்பட்டு, பூ உருமாறுகின்றது. குறிகள் நிறைந்திருத்தல் நற்கர்மா என்றும், அழிந்திருத்தல் தீய கர்மா என்றும் அவர்கள் பெயரிட்டனர். இக்கண்டுபிடிப்பால், கன்று நாற்றங்காலில் இருக்கும்போதே இலைத்துண்டு ஒன்றைச் சோதித்துக் குறையுள்ளவற்றை நீக்க வழி பிறந்தது.

ஆக, மரபணுக்கள் ஒன்றாயிருப்பது மட்டும் தாவரங்களை ஒன்றாக்குவதில்லை. முளைய மரபணுக்களைத் திறப்பதற்காகக் குறிகளைத் தளர்த்தும் அதே செயல், திறக்கக்கூடாத வேறு பகுதிகளையும் திறந்துவிடக்கூடும். இழைய வளர்ப்பில் தோன்றும் இத்தகைய வேறுபாடுகளுக்கு, டி.என்.ஏ வரிசை மாற்றங்களையும் உள்ளடக்கி, உடலப் படி வேறுபாடு என்னும் பெயர் 1981இல் லார்க்கின், ஸ்கவ்கிராஃப்ட் ஆகியோரால் இடப்பட்டது. வளர்ப்பின் காலத்தைக் குறைத்தல், 2,4-டி அளவை மட்டுப்படுத்தல், பல கன்றுகளை ஒரே உயிரணு வழியிலிருந்து எடுக்காமை ஆகியவை இதனைக் குறைக்கும் வழிகள் ஆகும்.

பிற வரம்புகள்

ஒரே இனத்திலும் சில வகைகள் இணங்குவதும் சில வகைகள் இணங்காமையும் பொதுவான இடர்ப்பாடு ஆகும். பிரிகூற்றின் வயதும் முதன்மையானது. நிலைநாட்டப்பட்ட மரத்தின் முதிர்ந்த இழையத்தைவிட, தன்மை இன்னும் அறியப்படாத இளம் விதை முளையமே எளிதில் பயன் தருகின்றது. ஒரே வளர்ப்பில் முளையங்கள் வெவ்வேறு நிலைகளில் இருப்பதும், முளையம் முளைத்தும் தளிர் விடாமல் நின்றுவிடுவதும் பிற குறைகள்.

தென்னை இதற்குத் தக்க சான்று. எண்ணெய்ப்பனையைப் போலவே ஒற்றைத் தண்டு கொண்ட தென்னையைப் படிப்பெருக்கம் செய்யப் பல்லாண்டு முயற்சிகள் நடந்துள்ளன. விதை முளையத்தின் முளைக்குருத்தும் இளம் பூங்கொத்தும் பிரிகூறுகளாகப் பயன்பட்டன. இலங்கை லுணுவிலையில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள், கருக்கட்டாத சூலகத்திலிருந்து உடல முளையங்கள் பெற்றதை 2007இல் வெளியிட்டனர். எனினும் எண்ணெய்ப்பனையுடன் ஒப்பிடுகையில் தென்னையில் கிடைக்கும் கன்றுகளின் விகிதம் குறைவே. காரட் உயிரணுவை முளையமாக்க உதவிய நீர் தென்னையினுடையது. அத்தென்னையின் உயிரணுவோ அவ்வாறு எளிதில் இணங்குவதில்லை.

இவற்றையும் பார்க்க

- இழைய வளர்ப்பு
- காலஸ்
- தாவர வளரூக்கிகள்
- செயற்கை விதை
- எண்ணெய்ப்பனை